சிவன் கோயிலுக்குக் கொண்டுபோன தாழம்பூ

ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. சாத்திரியாருக்கு உண்டு. கனடாவில் இருக்கும் அக்காவுக்கு உண்டு. மாமனாருக்கு உண்டு. எண்சாத்திரம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு. பிள்ளையைப் பெற்ற தகப்பனுக்கு மட்டும் கிடையாது. அவன் வேண்டுமானால் கடைக்குப் போய்க் கற்கண்டு வாங்கி வரலாம். இது பெரிய அநியாயம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். என் மகளுக்கு நானே பெயர் வைத்த பிறகுதான் இந்த ஒழுங்கைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

அவள் பெயர் கேதகி. இப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஏழு வயது. வீட்டுக்கு வருகிற புது ஆட்கள் யாராவது, "வடிவான பேர். என்ன கருத்து?" என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் பதில் சொல்வதில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். என் மனைவி வதனி தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவாள். உள்ளே இருந்து அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

நாங்கள் இணுவில் ஆட்கள். மகள் பிறந்தபோது வதனி தாய் வீட்டில் இருந்தாள். தாய் வீடு என்றால் இரண்டு தெரு, எங்கள் பேச்சில் ஒழுங்கை, தள்ளித்தான். அந்த வீட்டின் தலைவர், என் மாமா, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். வாழ்நாள் முழுக்கச் சாட்சிக்காரர்களின் பொய்யை இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்லிச் சொல்லி, பொய் என்றாலே அவருக்கு உடம்பில் சொறிகிற மாதிரி ஒரு கடி வந்துவிடும். இளைப்பாறிய பிறகு எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் பயன் சொல்லத் தொடங்கினார். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு பாடுவார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அதன் கருத்தைச் சனத்துக்கு விரித்துச் சொல்லுவார். அதுதான் பயன் சொல்வது. மாமா சொன்னால் வெளியே கடலைக்காரர் கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து கேட்பார் என்று பேச்சு. (நான் கேட்டதில்லை. கோயிலுக்குப் போனாலும் நான் வெளிவீதியில் கைபேசியோடு நிற்கிற பக்தன்.)

பிள்ளை புனர்பூசம். சாத்திரியார் கே, கோ, ஹா, ஹி என்று நாலு எழுத்துத் தந்தார். அன்றைக்கே என் கனடா அக்காவின் குரல் கைபேசியில் வந்து சேர்ந்தது.

"தம்பி, கேவிஷ்னா எண்டு வை. இல்லாட்டி ஹாவிஷ்கா. இஞ்சை ஒருத்தருக்கும் அந்தப் பேர் இல்லை."

எப்படி இருக்கும்? அந்தப் பெயரை அக்கா அன்று காலை பல் தீட்டும்போதுதான் செய்திருப்பாள்.

மாமா கைபேசியை வாங்கிக் கேட்டார். "பிள்ளை, உதுக்கு என்ன கருத்து?"

"கருத்தெண்டு ஒண்டும் இல்லை மாமா. கேக்க வடிவாயிருக்கெல்லோ."

மாமா கைபேசியை என் கையில் திருப்பித் தந்தார். "பேரெண்டா கருத்து இருக்கோணும். பின்னாலை ஒரு கதை இருக்கோணும். ஆரும் கேட்டா எழும்பி நிண்டு சொல்லக்கூடிய பேராய் இருக்கோணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப நான் வைக்கிறன் மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, கூண்டில் ஏறிய சாட்சியைப் பார்க்கிற பார்வை. கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு வாழைக்குலை வெட்டக்கூட விட்டதில்லை. "மருமகன் நல்லவர்" என்று ஆட்களிடம் சொல்லுவார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

"முப்பத்தொண்டண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை கருத்தும் வரலாறும் சொல்லோணும். சொல்லுவீரோ?"

"ஓம் மாமா."

முப்பத்தொன்று என்றால் பிள்ளை பிறந்த துடக்கு, அதாவது தீட்டு, கழிகிற முப்பத்தோராம் நாள். அன்று காலை பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், மத்தியானம் இனசனத்துக்குச் சாப்பாடு கொடுத்து, பெயரைப் பிள்ளையின் காதில் சொல்வது வழக்கம். அறைக்குள் போனபோது வதனி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்களே வையுங்கோ. ஆனா அப்பாவுக்குப் பிடிச்சிருக்கோணும். நான் உங்களுக்காக அவரிட்டை நிறையக் கதைச்சுப்போட்டன்."

இனி விளையாட்டில்லை என்று அப்போது தெரிந்தது. பெயர் சரியாக அமைந்தால் நான் அந்த வீட்டில் ஒரு மனிதன். பிழைத்தால் நான் மட்டுமல்ல, எனக்காகக் கதைத்த வதனியும் சேர்ந்து தலைகுனிய வேண்டும்.

இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் வதனியின் அலுமாரியில் பிள்ளைக்குத் துணி எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. அவள் சேலைகளுக்கு நடுவில் காய்ந்த தாழம்பூ மடல் வைத்திருப்பாள். பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்குத் தலையில் வைத்த பூ என்றும், அந்த மணம் போகாமல் இருக்கப் பிறகும் எங்கே கண்டாலும் வாங்கி வைக்கிறேன் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கைபேசியில் தாழம்பூவுக்கு வேறு பெயர் உண்டா என்று தேடினேன். கேதகி!

கே! சாத்திரியார் தந்த எழுத்து! அலுமாரிக் கதவைப் பிடித்தபடி தனியே நின்று சிரித்தேன். கைபேசியில் இருந்த குறிப்பு இப்படிப் போனது: பொன்னிறமான மலர், சிறந்த நறுமணம், பழைய காலம் தொட்டுப் பெண்கள் சூடுவது, சிவபெருமானோடு தொடர்புடையது. என்ன தொடர்பு என்று அறிய இங்கே அழுத்தவும் என்றும் இருந்தது. நான் அழுத்தவில்லை. டேட்டா முடியும் தறுவாயில் இருந்தது. அதோடு தொடர்பு என்றால் நல்ல தொடர்பாகத்தானே இருக்கும்? (கள்வனுக்கும் பொலிசுக்கும் கூடத் தொடர்பு உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

பூவின் பெயர், பெண்டாட்டிக்குப் பிடித்த மணம், மாமாவுக்குப் பிடித்த சிவன், சாத்திரியாருக்குப் பிடித்த எழுத்து. ஒரே கல்லில் இத்தனை மாங்காய் விழுந்தால் எவனுக்கும் தலை சுற்றும். ஒருவரிடமும் சொல்லவில்லை. வதனி கெஞ்சிக் கேட்டபோதும், "உம்மடை அப்பாவுக்கெண்டே செய்த பேர்" என்று மட்டும் சொன்னேன். யாராவது இடையில் புகுந்து கெடுத்துவிடக் கூடாது என்று நானே போய்ப் பிறப்புப் பதிவையும் செய்து முடித்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பெரிய சேதம் வந்திராது. எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பெயர் வைக்கிற அன்று அந்தப் பூவையே கொண்டுபோய்ச் சிவனுக்குச் சாத்தினால் எப்படி இருக்கும்? மாமா அப்படியே உருகிவிடமாட்டாரா?

என்னோடு வேலை செய்யும் செல்வம் பருத்தித்துறை ஆள். அவர்கள் வளவின் பின்பக்கம் தாழம்புதர் இருப்பது எனக்குத் தெரியும். முதல் நாள் பின்னேரம் போனேன். கொக்கத்தடியோடு இரண்டு பேரும் புதரோடு மல்லுக்கட்டினோம். தாழை மடலின் ஓரம் முழுக்க முள். என் இரண்டு கையும் பூனை பிறாண்டியது மாதிரி ஆகிவிட்டது.

"வீட்டிலை வைக்கவோ?" என்று கேட்டான் செல்வம்.

"இல்லை, கோயிலுக்கு."

"அம்மன் கோயிலுக்கோ?"

"சிவன் கோயிலுக்கு."

செல்வம் கொக்கத்தடியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். "உங்கடை பக்கம் அப்பிடியோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஓம், எங்கடை பக்கம் விசேசமாய்ச் செய்வினம்" என்றேன் பெருமையாக.

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. (பிறகு அவனைப் பிடித்து உலுக்கியபோது, "உங்கடை பக்கத்து முறை எனக்கென்ன தெரியும்? ஊருக்கு ஊர் வேறையா இருக்குமாக்கும், கேட்டா மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்" என்றான். பருத்தித்துறைப் பக்கத்து வடமராட்சியின் மரியாதை எங்கள் பக்கத்து வலிகாமத்தைக் கெடுத்த கதை இது.)

திரும்பி வரும்போது பஸ் முழுக்க என் பூவின் மணம். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா மூக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாகதம்பிரானுக்கோ?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லையம்மா, சிவனுக்கு."

"சிவசிவா!" என்றார். என்ன பக்தி என்று நினைத்தேன். புத்தூரில் இறங்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கிய பிறகு யன்னல் வழியே என்னை ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டினார். ஆசீர்வாதம் என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை கோயில். வேட்டி, இடுப்பில் சால்வை, மேலெல்லாம் திருநீறு. வதனி பிள்ளையை வைத்திருந்தாள். மாமா முன்னுக்கு, அவரைச் சுற்றி அவருடைய சபை: புராணம் பாடுகிறவர், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்து இளைப்பாறியவர், இன்னும் சில பேர். தட்டத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய தாழம்பூவை வைத்து அதை வாழை இலையால் மூடியிருந்தேன். கோயில் சாம்பிராணிப் புகைக்குள் அதன் மணமும் ஒருவருக்கும் தெரியவில்லை. திடீரென்று திறந்து காட்டுவது என் திட்டம்.

எங்கள் கோயில் ஐயர் என்னைவிட இளையவர். தட்டத்தை வாங்கக் கை நீட்டினார். நான் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இலையைத் தூக்கினேன். ஐயர் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார். ஒரு அடி பின்னுக்கும் போனார்.

நான் என்ன நினைப்பேன்? தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவன். மடலுக்குள்ளே ஏதோ வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

"ஐயோ பாம்பு!" என்று கத்தித் தட்டத்தை மேலே எறிந்தேன்.

அதன் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. தேங்காய் ஒரு பக்கம் உருண்டது. வாழைப்பழம் புராணம் பாடுகிறவரின் தோளில் விழுந்தது. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் ஓடினார்கள். மனேச்சர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பலிபீடத்தில் ஏறப் பார்த்தார். எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், பாம்பு இல்லை. தாழம்பூ மட்டும் நந்தியின் தலையில் இரண்டு கொம்புக்கும் நடுவில், யாரோ அளவெடுத்துச் சாத்தியது மாதிரி, நிமிர்ந்து நின்றது.

ஒருவரும் அதை எடுக்கப் போகவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. பாம்பில்லை என்று தெரிந்த பிறகும் எல்லோரும் அந்தப் பூவையே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். வேட்டி இருந்தது.

"நந்தியிலை இருக்கலாமோ?" என்று கேட்டார் புராணம் பாடுகிறவர், தோளில் இருந்த பழத்தைத் துடைத்துக்கொண்டு.

"நந்திக்குச் சாபம் இல்லை. சாபம் சிவனுக்குச் சாத்திறதுக்கு மட்டும்தான்" என்றார் மனேச்சர்.

"நந்தி ஆர்? சிவன்ரை வாகனம். வாகனத்துக்கும் பொருந்தும்."

"நீர் விரதம் பிடிச்சா உம்மடை மோட்டார் சைக்கிளும் விரதமோ?"

"இஞ்சை கேள்வி, சாத்தினதோ விழுந்ததோ எண்டதுதான்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "சாத்தினா குற்றம். தானாய் விழுந்தா குற்றமில்லை."

"தானாய் விழேல்லை. உவர் எறிஞ்சவர்."

"எறிஞ்சா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சட்டமும் புராணமும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கோ தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. என்ன சாபம்? யாருக்கு? ஐயர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, உது தாழம்பூவெல்லோ. பொய்ச்சாட்சி சொன்ன பூ. சிவனுக்கு ஆகாதெல்லோ."

அப்போதுதான் உள்ளே ஒரு கதவு திறந்தது. அந்தக் கதை எனக்குத் தெரியும்! பள்ளிக்கூடத்தில் சமய பாடச் சோதனைக்கு எழுதியிருக்கிறேன். பிரமாவுக்கும் விட்டுணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. சிவன் அடியும் முடியும் இல்லாத நெருப்புத் தூணாக நிற்கிறார். விட்டுணு பன்றியாகி அடியைத் தேடிப் போகிறார். பிரமா அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். அதற்கு மேலும் ஒரு பகுதி இருந்தது. பறந்து களைத்த பிரமா, சிவன் முடியில் இருந்து கீழே விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைக் கண்டு, 'நான் முடியைக் கண்டேன் என்று எனக்காகச் சாட்சி சொல்லு' என்று கேட்க, அதுவும் சொல்ல, சிவன் கோபித்து, இனி என் பூசைக்கு நீ ஆகாய் என்று சபித்துவிட்டார். நான் எப்போதும் அன்னத்தையும் பன்றியையும் படம் கீறி விளக்குவதிலேயே நேரத்தை விட்டுவிட்டுப் பூவை எழுதாமல் வந்துவிடுவேன். பாதிக் கதையோடு சோதனையில் பாஸ் பண்ணிவிட்டேன். மீதிக் கதை இத்தனை வருடம் காத்திருந்து, இந்த இடத்தில் வந்து என்னைப் பிடித்தது.

ஐயர் பாவம், நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "பறுவாயில்லை, அருச்சனையைச் செய்வம். பிள்ளையின்ரை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

பூவால் போன மானத்தைப் பெயராவது மீட்கும் என்று வதனி ஆசையோடு என்னைப் பார்த்தாள். அவள் அந்தப் பெயரைக் கேட்க ஒரு மாதமாகக் காத்திருந்தவள்.

"புனர்பூசம்" என்றேன்.

"பேர்?"

"கேதகி."

ஐயருக்குச் சமஸ்கிருதம் தெரியும். மாமாவுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அவர்களுடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. ஐயர் உள்ளே சிவனைப் பார்த்தார். நந்தியின் தலையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

மாமா கண்ணைத் திறந்தார். "பதிஞ்சாச்சோ?"

"ஓம் மாமா."

அவர் கண்ணைத் திரும்பவும் மூடிக்கொண்டார். ஐயர் அருச்சனையைத் தொடங்கினார். மற்ற மந்திரமெல்லாம் கணீரென்று சொன்ன மனிதர், பெயர் வருகிற இடத்தில் மட்டும் சாமிக்குக் கேட்டுவிடாதபடி வாய்க்குள் முணுமுணுத்தார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது வதனி அழுதாள். "என்னட்டையாவது ஒருக்காச் சொல்லியிருக்கலாமெல்லோ. நான் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளந்தனான். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அப்பா அந்தப் பூவை என்ன பேச்சுப் பேசுவார் தெரியுமோ? பொய்ச்சாட்சி எண்டு தொடையிலை அடிச்சுச் சொல்லுவார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவள் மடியில் ஒன்றும் அறியாமல் நித்திரை கொண்ட அந்தச் சின்ன முகத்தைப் பார்க்கத்தான் பெரிய கவலையாக இருந்தது. பிறந்து ஒரு மாதம். அதற்குள் ஒரு யுகத்துப் பழியைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் வீடு நிறையச் சனம். கோயிலில் நடந்தது எங்களுக்கு முன்னமே வீடு வந்து சேர்ந்திருந்தது. வீடியோ அழைப்பில் கனடா அக்கா.

"நான் அப்பவே சொன்னனான். கேவிஷ்னா எண்டு வைச்சிருந்தா ஒரு கரைச்சலும் இல்லை. கருத்தே இல்லாத பேருக்கு ஆர் வந்து சாபம் போடுறது?"

அக்கா வாழ்நாளில் சொன்ன ஒரே புத்தியான வசனம் அதுதான்.

மாமா நடுவில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, எழும்பும். கருத்தும் வரலாறும் சொல்லுறன் எண்டனீர். சொல்லும்."

எழும்பினேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு முழுவதும் சிவபெருமானோடு தொடர்புடையது என்று தொடங்கும். அதை எப்படிச் சொல்வது? "கேதகி எண்டா தாழம்பூ" என்றேன். "நல்ல மணம்." வதனியைப் பார்த்தேன். "வதனியின்ரை அலுமாரியைத் திறந்தா அந்த மணம்தான் வரும் மாமா. அதைத்தான் நினைச்சனான். வேறை ஒரு வரலாறும் எனக்குத் தெரியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றேன். அப்போது வதனி பிள்ளையோடு எழும்பி வந்தாள்.

"அப்பா, என்ரை சாமத்தியவீட்டுக்கு அந்தப் பூ வேணும் எண்டு நான் அழ, சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைஞ்சு திரிஞ்சு கொண்டு வந்தது ஆர்?"

மாமா தொண்டையைச் செருமினார். "அது உன்ரை தலைக்கு, பிள்ளை. சாமிக்கில்லை."

"இவளும் சாமிக்கில்லையே அப்பா. எங்களுக்குத்தானே."

மாமா தன் கைகளைப் பார்த்தார். அன்றைக்கு முள் கீறிய கைகள் அவருடையவையும்தான் என்று எனக்குப் பட்டது. பிறகு இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கினார்.

"சாபம் பூவுக்கு. பிள்ளைக்கில்லை" என்று சபைக்குத் தீர்ப்புச் சொன்னார். குனிந்து அதன் காதில் பெயரைச் சொன்னார். முதல் தரம் தயங்கித் தயங்கி. இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் தரம் ஒழுங்கைக்குக் கேட்டது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். சிவராத்திரி வந்தது.

அன்று பின்னேரம் கோயிலில் புராணப் படிப்பு. அந்த வருடம் முதல் தடவையாக நானும் உள்ளே போய் இருந்தேன். முன் வரிசையில் வதனி, மடியில் கேதகி. பாட்டுக்காரர் தாழம்பூ வருகிற பாட்டைப் பாடி முடித்தார். தொடையில் அடிக்கிற இடம். சனம் எல்லாம் காத்திருந்தது. மாமாவின் கை தூக்கிய இடத்தில் நின்றது. பேத்தியைப் பார்த்தார்.

"அது சின்னப் பூ" என்று தொடங்கினார். "பிரமா ஆர்? படைச்சவர். பெரிய இடம். அவர் கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமோ? பயந்துபோய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுது."

கோயில் முழுக்கச் சிரித்தது. மனேச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்தப் பூ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டியது. பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த ஆட்டம் குறைந்து குறைந்து, போன வருடம் அது தலையை ஆட்டவுமில்லை, காற்றுக்கு ஆடியது. பிரமாதான் அதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார். இப்படி வருடத்துக்கு வருடம் பூவின் குற்றம் தேய்ந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்ச நாளில் சிவன் அதனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். பொய் என்றால் உடம்பில் கடி வருகிற மனிதர், வருடத்துக்கு ஒருமுறை சிவன் சந்நிதியில் இருந்துகொண்டு, ஒரு பூவுக்காகக் கூசாமல் பொய்ச்சாட்சி சொன்னார்.

இந்த வருடம் கேதகி முன் வரிசையில் தனியாக இருந்தாள். மாமா உற்சாகமாகத் தொடங்கினார். "பிரமா கேட்டார். பூ வாயே திறக்கேல்லை. அது பாட்டுக்குக் கீழை போய்க்கொண்டிருந்தது—"

கேதகி எழும்பி நின்றாள்.

"அம்மப்பா, போன வருசம் காத்துக்கு ஆடினது எண்டு சொன்னனீங்கள்."

மாமா நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்திலை ரீச்சர் சொன்னவா, பூ பொய் சொன்னதாம். எது உண்மை?"

ஒலிபெருக்கி போட்டிருந்தது. வெளிவீதிக்கும் கேட்டிருக்கும். எத்தனையோ குறுக்கு விசாரணைகளை மொழிபெயர்த்த மனிதர், முதல் தடவையாகக் கூண்டில் நின்றார். இடமும் வலமும் பார்த்தார். காப்பாற்ற ஒருவரும் இல்லை. பாட்டுக்காரர் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மாமா இரண்டு கையையும் கூப்பினார். "பூ பொய் சொன்னதுதான் அம்மா. அம்மப்பாவும் சொன்னனான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் இருந்துவிட்டாள்.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக ஒரு பொய் சொல்ல முடிவதில்லை. சீனி வருத்தக்காரனான நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று இனிப்புப் பலகாரமான தொதலில் ஒரு துண்டு தின்றுவிட்டு, தின்னவில்லை என்று சொன்னால், வதனி அமைதியாக, "காத்துக்கு ஆடினதோ?" என்று கேட்பாள். மாமாவும் கேட்பார். இப்போது கனடாவில் இருந்து அக்காவும் கேட்கிறாள்.

போன கிழமை புதிதாகக் குடிவந்த ஒருவர் வந்து, "கேதகி, வடிவான பேர். என்ன கருத்து?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வதனி குசினிக்குள் போனாள். "அது ஒரு பூ, நல்ல மணம்" என்று நான் தொடங்கினேன். விளையாடிக்கொண்டிருந்தவள் விளையாட்டை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எந்த இடத்தை விடப்போகிறேன் என்று பார்க்க வந்திருக்கிறாள். வேறு வழியில்லை. அன்னத்தில் இருந்து தொடங்கி, பன்றியையும் விடாமல், பூ பொய் சொன்ன இடம்வரை முழுவதையும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.